முப்பது டிகிரி

ஐஸ் பிளான்டில் பாளம் உடைக்கிறவன் நான்.
குளச்சல் துறையில் கரையேறும் எந்த மீனும்
என் பனிக்குள் புதையாமல் லாரி ஏறாது.
கணவா, கிளாத்தி, நவரை, பெயர் தெரியாத பொடி,
எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரே கூலி,
அவற்றுக்கு ஒரே குளிர்.

வீட்டில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி.
ஏஞ்சல் நாலு, கறுப்பு மோலி ஏழு,
கண்ணாடியை நக்கிக்கொண்டே கிடக்கும் சக்கர் ஒன்று.
மார்த்தாண்டத்தில், பாலத்துக்கு அடியில்,
டென்னிசன் கடையில் காற்றடைத்துக் கட்டித் தந்தார்கள்.
மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன்.
கருங்கல் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்:
"கொளச்சலுக்கா மீனு கொண்டுபோறிய?"
கொல்லன் தெருவுக்கு ஊசி விற்கப் போகிறவனைப்
பார்க்கிற பார்வை.

புளோறன்ஸ் சண்டைக்கு வரவில்லை.
கரண்ட் பில்லைத் தொட்டியின் மேல் ஒட்டிவைத்தாள்.
"தின்ன ஒக்காத மீனுக்குத் தீனி வாங்குத வீடு
இந்தத் துறையில நம்மதுதான்."

ஆனி. தடைக்காலம்.
விசைப்படகுகள் கயிற்றில் கிடந்தன.
பிளான்டில் அமோனியா நெடிகூட இல்லை, கூலியும் இல்லை.
ஏழு நாள் விடாத மழை.
எட்டாம் நாள் காலை ஓர் ஏஞ்சலின் வாலில்
யாரோ உப்புத் தூளைத் தூவினாற்போல் வெள்ளைப்புள்ளி.
சாயங்காலத்துக்குள் நாலுக்கும்.

டென்னிசன் போனில் சொன்னான்:
வெள்ளத்தைச் சூடாக்கு, முப்பது டிகிரி,
பத்து நாள் இறங்கவிடாதே,
கொஞ்சம் கல்லுப்பு போடு.

மீனுக்கு உப்புப் போடச் சொல்லி
எனக்கு ஒருவன் பாடம் எடுக்கிறான்.
இருபது வருஷம் மீனைக் கெடாமல் வைத்தவன் நான்;
சாகாமல் வைப்பது வேறு கணக்கு.
உப்பு இரண்டுக்கும் உண்டு.
கை நிறைய அள்ளியதை
பாதிக்கு மேல் திரும்பக் கொட்டினேன்.

மூன்றாம் ராத்திரி
தெங்கு சாய்ந்து கம்பி அறுந்தது.
பம்பின் குமிழிச் சத்தம் நின்றதும்
வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது.
டார்ச் வெளிச்சத்தில் இருபத்தொன்பது.
அப்புறம் இருபத்தெட்டு.

பின்புறம் பழைய தெர்மாகோல் பெட்டிகள் கிடந்தன,
நெய்மீன் ஏற்றிப் போய்த் திரும்பி வந்தவை.
கத்தியால் கீறி
தொட்டியின் நாலு புறமும் வைத்துக் கட்டினேன்.
பெட்டிக்குத் தெரியாது
குளிரைக் காக்கிறோமா சூட்டைக் காக்கிறோமா என்று.
உள்ளே இருப்பதை வெளியே விடாது,
அதன் படிப்பு அவ்வளவுதான்.

சோடா பாட்டிலில் வெந்நீர் அடைத்து மிதக்கவிட்டேன்.
ஆறினால் அடுத்தது.
செம்பால் வெள்ளம் கோரி
மேலிருந்து ஊற்றினேன், காற்றுக்காக.
கோரினேன், ஊற்றினேன்.

இரண்டு மணிக்கு புளோறன்ஸ் எழுந்து வந்து
அடுப்பில் இன்னொரு பானை வைத்தாள்.
"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்போ
நீரு ஐஸ் பிளான்டில கெடந்தீரு."
வேறொன்றும் சொல்லவில்லை.
கொதித்ததும் பானையை இறக்கித் தந்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.
என்னிடம் பதில் இல்லை.
விடியும்வரை கோரினேன்.

இரண்டு ஏஞ்சல் செத்தன.
டன் கணக்கில் செத்த மீனை வாரிய கை
அஞ்சு ரூபாய்த் துட்டு அகல உடம்பை
என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டியபடி நின்றது.
வாழைமூட்டில் தோண்டிப் போட்டேன்.
மதிலிலிருந்து பூனை
இடத்தைக் குறித்துக்கொண்டது.

ஆகஸ்டில் படகுகள் போயின.
மறுபடி பாளம், மறுபடி லாரி.
வீட்டுக்கு வந்து தொட்டிக்குள் கைவிடும் முன்
சோப்புப் போட முடியாது, அது அவற்றைக் கொல்லும்.
எலுமிச்சைத் தோலைத் தேய்த்து
வெறும் வெள்ளத்தில் மூன்று தடவை கழுவுகிறேன்.
போவதில்லை.

விரல் நுனியில் தீனி,
விரல் முழுக்கச் சாளை நாற்றம்.
மிச்சமுள்ள இரண்டு ஏஞ்சலும்
ஒரு சாண் தள்ளி நின்று பார்க்கின்றன.
பிறகு வந்து கொத்துகின்றன.